கேன் மேல் இருக்கும் சிவப்புச் சாய்சதுரம்: ரசாயன லேபிளைப் படிப்பது எப்படி?

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் ஸ்டோர் ரூமுக்குள் போனால் மூன்று சரக்குகள் அநேகமாகக் கண்ணில் படும். துணியை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு, பிளாஸ்டிக் கேன்களில். அதோடு சேர்ப்பதற்குக் காஸ்டிக் சோடா, மூட்டையில் செதில் செதிலாக. பாலியஸ்டரில் சாயம் ஏற்றிய பிறகு மேலே ஒட்டாமல் நிற்கும் சாயத்தை எடுக்க ஹைட்ரோஸ், டிரம்மில் தூளாக. ஒன்று நிறமே இல்லாத திரவம், மற்ற இரண்டும் வெள்ளை. பார்த்தால் பயப்பட எதுவும் இல்லை. ஆனால் மூன்றும் ஆளைக் காயப்படுத்தும் விதம் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்யும் முதலுதவியோ தீத்தடுப்போ இன்னொன்றுக்குச் சரிவராது. சிலசமயம் நிலைமையை மோசமாக்கியும் விடும்.

இந்த வேறுபாட்டை உலகம் முழுக்க ஒரே விதமாக எழுதிக் காட்டுவதற்காக ஐக்கிய நாடுகள் சபை வகுத்த முறைதான் ஜிஎச்எஸ். 1992ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் இப்படி ஒரு பொது முறை வேண்டும் என்று முடிவானது. முதல் பதிப்பு வர 2003 ஆகிவிட்டது. அட்டை ஊதா நிறம் என்பதால் துறைக்காரர்கள் அதை ஊதாப் புத்தகம் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறார்கள்.

அதற்கு முன்னால் என்ன சிக்கல்? ஒரு பொருள் விழுங்கினால் எவ்வளவு நஞ்சு என்பதை எல்டி50 என்ற அளவால் குறிப்பார்கள். சோதனை விலங்குகளில் பாதி இறந்துபோக, உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் தேவைப்பட்டது என்பதுதான் அது. எண் குறையக் குறைய நஞ்சு கடுமை. ஒரு பொருளுக்கு இந்த அளவு 257 என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிகளின்படி அமெரிக்காவில் அது 'நச்சு'. ஐரோப்பாவில் அதைவிடக் கொஞ்சம் தணிந்த 'தீங்கு தரும்' வகை. நம் இந்திய விதியில் நச்சு என்பதற்கான எல்லையே 200 தான். ஆகவே இங்கே அது நச்சே இல்லை. சரக்கு ஒன்றேதான், கப்பல் துறைமுகம் மாறும்போது மட்டும் அதன் ஆபத்து கூடிக் குறைந்துகொண்டிருந்தது. ஜிஎச்எஸ் முறையில் 257 என்றால் மூன்றாம் பிரிவு. லேபிளில் மண்டையோடு வந்தே ஆகவேண்டும்.

சரி, லேபிளுக்கு வருவோம். கேனில் முதலில் கண்ணை இழுப்பது ஒரு முனையில் நிற்கும் சதுரம்: சிவப்புக் கரை, வெள்ளைப் பின்னணி, உள்ளே கறுப்புப் படம். மொத்தமே ஒன்பது படங்கள்தான். வெடிக்கும் குண்டு, தீச்சுடர், காஸ் சிலிண்டர், மண்டையோடு ஆகியவற்றைப் பார்த்ததுமே புரிந்துகொள்ளலாம். இரண்டு சோதனைக் குழாய்களிலிருந்து சொட்டும் திரவம் ஒரு கையையும் ஓர் உலோகத் துண்டையும் அரிப்பது போன்ற படம், தோலையும் கண்ணையும் வெந்துபோக வைக்கும் பொருளுக்கு. காய்ந்த மரமும் செத்த மீனும் நீர்வாழ் உயிர்களுக்கு ஆபத்து என்பதற்கு. ஆச்சரியக்குறி, அவற்றைவிடச் சற்றுக் குறைந்த தீங்குகளுக்கு: எரிச்சல், தோல் ஒவ்வாமை, மயக்கம். ஆட்களைக் குழப்புபவை மற்ற இரண்டும்தான். ஒரு வட்டத்தின் மேல் எரியும் தீ. நெஞ்சில் நட்சத்திரம்போல் வெடிப்பு உள்ள மனித உருவம். இந்த இரண்டையும் நன்றாகத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வட்டத்தின் மேல் தீ என்றால், அந்தப் பொருள் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும் என்று அர்த்தம். ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்துத் தீயை வளர்க்கும். பட்டறையில் வரும் 50 சதவீத பெராக்சைடு கேனில் இந்தப் படம் இருக்கும். "இது தண்ணி மாதிரி, தீப்பிடிக்காது" என்று சொல்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். கொட்டிய பெராக்சைடை வேஸ்ட் துணியால் துடைத்து மூலையில் போட்டுவிட்டால், அல்லது மரத்தூள் தூவி அள்ளிக் குப்பையில் போட்டால், கொஞ்ச நேரத்தில் அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளலாம். பஞ்சும் நூலும் துணித்துண்டும் தரை முழுக்க இருக்கும் ஊரில் இது ஏட்டோடு நிற்கும் எச்சரிக்கை இல்லை. கொட்டினால் செய்யவேண்டியது, நிறையத் தண்ணீர் விட்டு நீர்த்துப்போகச் செய்வது.

அதே கேனில் அரிக்கும் படமும் இருக்கும், ஆச்சரியக்குறியும் இருக்கும். கையில் ஒரு துளி பட்டால் அந்த இடம் வெள்ளையாக வெளுத்து, ஊசி குத்துவது போல் சுருக் சுருக்கென்று வலிக்கும். உடனே கழுவினால் சில மணி நேரத்தில் நிறம் திரும்பிவிடும். அதனாலேயே பலர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணில் பட்டால் அப்படித் திரும்பாது.

இங்கேதான் வகைப்படுத்துதல் என்பது என்னவென்று நன்றாகப் புரியும். மருந்துக் கடையில் புண் கழுவ வாங்குவதும் பெராக்சைடுதான். அது ஏறக்குறைய 3 சதவீதம். ஐரோப்பிய விதிப்பட்டியலைப் பார்த்தால், 5 சதவீதத்துக்குக் கீழே அதற்கு எந்த அபாயப் பிரிவும் இல்லை. 5லிருந்து 8க்குள் கண் எரிச்சல். 8ஐத் தொட்டதும் கண்ணுக்குக் கடுமையான பாதிப்பு. 35ல் தோல் எரிச்சலும் மூச்சுக்குழாய் எரிச்சலும் சேர்கின்றன. 50ல் தோல் வெந்துபோகும், தீயையும் வளர்க்கும். ஒரே பெயர், ஒரே மூலக்கூறு, ஆனால் ஐந்து விதமான லேபிள். அதனால் கேனில் 'பெராக்சைடு' என்று மட்டும் மார்க்கரில் எழுதி வைப்பது போதாது. எத்தனை சதவீதம் என்பதும் பெயரின் ஒரு பகுதிதான்.

படங்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் பெரிதாக இருக்கும்: 'டேஞ்சர்' அல்லது 'வார்னிங்'. முன்னது கடுமையான ஆபத்து, பின்னது அதைவிடக் குறைவு. இரண்டும் சேர்ந்து வராது. ஒரு பொருளுக்குப் பல அபாயங்கள் இருந்தால் கடுமையான சொல்தான் நிற்கும். படங்களிலும் அப்படி ஒரு விதி உண்டு. தோலை வேகவைக்கும் பொருளுக்கு அரிக்கும் படம் போட்டுவிட்டால், தோல் எரிச்சலுக்கென்று தனியாக ஆச்சரியக்குறி போடமாட்டார்கள்.

அதன் கீழே பொடி எழுத்தில் வரும் வரிகளை யாரும் படிப்பதில்லை. உண்மையில் லேபிளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 'எச்' என்று தொடங்கும் எண்கள் அபாயத்தைச் சொல்பவை. 200களில் இருந்தால் தீ, வெடிப்பு போன்ற பௌதிக அபாயம். 300கள் உடல்நலம். 400கள் சுற்றுச்சூழல். 'பி' என்று தொடங்குபவை என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லும்: 200களில் முன்னெச்சரிக்கை, 300களில் விபத்து நடந்தால் செய்யவேண்டியது, 400களில் சேமிப்பு, 500களில் கழிவாக அகற்றுவது. எல்லா எண்ணையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் இரண்டை மட்டும் பிரித்துக் காட்டுவேன். எச்319 என்றால் கண் எரிச்சல், 21 நாளுக்குள் முழுதாக ஆறிவிடும் வகை. எச்318 என்றால் ஆறாத பாதிப்பு, பார்வையே போகலாம். ஒற்றை எண் வித்தியாசம்தான். கண்ணாடி போடுவதா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு இதற்கு மேல் என்ன சொல்வது?

காஸ்டிக் மூட்டையில் இருப்பது எச்314: தோலை வேகவைக்கும், கண்ணைக் கடுமையாகப் பாதிக்கும். ஆசிட்தான் பயங்கரம் என்று நம்மவர்களிடம் ஓர் எண்ணம் உண்டு. கண்ணைப் பொறுத்தவரை காஸ்டிக் போன்ற காரம் பல நேரங்களில் ஆசிட்டைவிட மோசம், ஏனென்றால் அது திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கியபடி இருக்கும். ஆரம்பத்தில் வலி குறைவாக இருப்பதால் ஆள் அசட்டையாக இருந்துவிடுவார். கரைக்கும்போது செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போடவேண்டும். செதில்கள் மேல் தண்ணீரை ஊற்றினால் சட்டென்று சூடேறி முகத்தில் தெறிக்கும்.

ஹைட்ரோஸ் டிரம்மில் இருப்பது வெறும் தீச்சுடர், வட்டம் இல்லாதது. தூளுக்கு ஏன் தீப்படம் என்று கேட்பார்கள். அது தானே சூடேறும் வகை, எச்251. கொஞ்சம் ஈரம் பட்டாலே போதும். ஈரமான கரண்டியை உள்ளே விட்டு அள்ளிவிட்டு, மூடியைச் சரியாகப் போடாமல் போனால், டிரம்முக்குள் சூடு ஏறி, மூக்கைத் துளைக்கும் கந்தக டையாக்சைடு புகையோடு பற்றலாம். அதன்மேல் ஒரு மக்குத் தண்ணீரை வீசுவது இன்னும் கெடுதல். பெராக்சைடு கொட்டினால் தண்ணீர் விடச் சொன்னேன், இங்கே தண்ணீரே பகை. இரண்டையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அதைவிடப் பெரிய தப்பு. ஒன்று ஆக்சிஜனைக் கொடுக்கும், மற்றது அதைப் பிடுங்கக் காத்திருக்கும்.

நெஞ்சில் நட்சத்திரம் உள்ள படத்துக்கு வருகிறேன். மற்ற படங்கள் இன்றைக்கு நடக்கக்கூடியதைச் சொல்கின்றன. இது பெரும்பாலும் வருடங்கள் கழித்து வருவதைச் சொல்கிறது: புற்றுநோய், கருவுக்குக் கேடு, ஈரலும் சிறுநீரகமும் நரம்பும் மெல்லக் கெடுவது. மூச்சுக்குழாய் ஒவ்வாமைக்கும் இதே படம்தான். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் சிலவற்றில் எச்334 இருக்கும்: மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். சாயப்பொடியை எடை போடும் ஆள் முதல் சில மாதங்கள் நன்றாகவே இருப்பார். உடம்பு ஒருமுறை பழகி ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், அப்புறம் காற்றில் மிதக்கும் துளியூண்டு பொடி போதும், மூச்சு அடைக்கும். சளி, தூசி என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் வேலை செய்துகொண்டிருப்பார். சாயப் பாக்கெட்டில் இருக்கும் அந்த ஒரு வரியை மருத்துவரிடம் காட்டினால் நோயின் காரணம் முதல் நாளே தெரிந்துவிடும். இந்த முறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். தீக்காயத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். இருமலுக்குக் காரணத்தை லேபிள்தான் சொல்லவேண்டும்.

பிரிவு எண்களில் ஒரு கவனம் தேவை. ஜிஎச்எஸ்சில் 1 என்பதுதான் மிக மோசம், எண் கூடக்கூட ஆபத்து குறையும். சில ஆலைகளில் தொட்டிகள் மேல் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு கட்டங்கள் கொண்ட இன்னொரு சாய்சதுரத்தைப் பார்க்கலாம். அது அமெரிக்காவின் என்எஃப்பிஏ முறை, தீயணைப்பு வீரர்களுக்காக உருவானது. அதில் நேர்மாறு: 4 மிக மோசம், 0 என்றால் அபாயம் கிட்டத்தட்ட இல்லை. ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படித்தால் தலைகீழாகப் புரியும். டேங்கர் லாரிகளின் பின்னால் இருக்கும் வண்ணச் சாய்சதுரங்கள் போக்குவரத்துக்கான மூன்றாவது முறை. அங்கே நாலிலக்க ஐ.நா. எண் ஒன்றும் இருக்கும். 20 முதல் 60 சதவீதம் வரையுள்ள பெராக்சைடுக்கு 2014, காஸ்டிக் செதிலுக்கு 1823, ஹைட்ரோஸுக்கு 1384. சாலையில் வண்டி கவிழ்ந்தால் தீயணைப்பு நிலையத்துக்கு இந்த எண்ணைச் சொன்னாலே உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

லேபிள் எதைச் சொல்லாது என்பதையும் சொல்லியாகவேண்டும். அது பொருளின் இயல்பைச் சொல்கிறது, நீங்கள் அதை எவ்வளவு, எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை அல்ல. நொய்யல் ஆறு இதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏறுவதற்கு ஏராளமான உப்பு தேவை. உப்புக்கு ஜிஎச்எஸ்சில் எந்தப் படமும் கிடையாது, செத்த மீன் கூட இல்லை. ஆனால் சாயக்கழிவோடு போன அந்த உப்புதான் நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் சேர்ந்து, ஆற்றங்கரை விவசாயிகளின் கிணறுகளையும் நிலத்தையும் பாழாக்கியது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. படம் இல்லை என்பதால் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மண்டையோடு போட்ட பொருளையும் மூடிய குழாய் வழியாகக் கையாண்டால் ஆளுக்கு ஆபத்தில்லாமல் வேலை செய்ய முடியும்.

லேபிளில் இடம் கொஞ்சம்தான். விரிவான விவரம் பாதுகாப்புத் தரவுத்தாளில் இருக்கும். பட்டறைகளில் இன்னும் எம்எஸ்டிஎஸ் என்றுதான் சொல்வார்கள். ஜிஎச்எஸ் அதை 16 பகுதிகளாக, மாறாத வரிசையில் அமைத்துவிட்டது. எந்த நாட்டுத் தாளானாலும் நான்காம் பகுதி முதலுதவி, ஐந்து தீயணைப்பு, ஆறு கொட்டினால் என்ன செய்வது, எட்டு கையுறை, கண்ணாடி, முகமூடி. பத்தாம் பகுதியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதோடு எது சேரக்கூடாது என்பது அங்கேதான் இருக்கிறது. பெராக்சைடின் பத்தாம் பகுதியில் காரம், துரு, செம்பு, தூசு எல்லாம் பகை என்று போட்டிருக்கும். வெளுக்கும் தொட்டியில் காஸ்டிக்கையும் பெராக்சைடையும் சேர்த்துத்தானே போடுகிறோம் என்று கேட்கலாம். அங்கே நிறையத் தண்ணீரும், சிதையாமல் பிடித்து வைக்கும் ஸ்டெபிலைசரும் இருக்கின்றன. ஸ்டோரில் 50 சதவீதக் கேனுக்குள் காஸ்டிக் தூசு விழுவது வேறு கதை. பெராக்சைடு சிதைந்து ஆக்சிஜன் கிளம்பி, கேன் உப்பும். அதனால்தான் அந்தக் கேன் மூடியில் காற்றுப்போகச் சின்ன ஓட்டை வைத்திருக்கிறார்கள். சிந்துகிறது என்று அதை டேப் போட்டு அடைக்கவே கூடாது. மீந்ததைத் திரும்பக் கேனில் ஊற்றவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் மீதைல் ஐசோசயனேட் கசிந்தபோது, ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவர்களுக்கு என்ன சிகிச்சை செய்வது என்று மருத்துவர்களுக்குச் சரியான தகவல் இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1987ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, அபாயங்களைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்கவேண்டும் என்ற கடமை நிர்வாகத்தின் மேல் வந்தது. 1989ல் வந்த அபாயகர ரசாயன விதிகள், தரவுத்தாள் வைத்திருப்பதையும், கேன் மேல் சரக்கின் பெயர், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, நச்சு விவரங்கள் இருப்பதையும் கட்டாயமாக்கின. ஜிஎச்எஸ் முறை முழுவதையும் அப்படியே எல்லாச் சரக்குக்கும் கட்டாயமாக்குவது இங்கே இன்னும் நடக்கவில்லை. ஆனால் பெரிய கம்பெனிகளின் சரக்கு அந்த லேபிளோடுதான் வருகிறது, ஏற்றுமதிக்குப் போகும் நாடுகள் அதைக் கேட்பதால். ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் சட்டமாக்கிவிட்டன. நம்மூர்க்காரர்கள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரிலும் இதே படங்கள்தான்.

மொழிதான் பெரிய தடை. வரிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கையாளும் ஆள் தமிழரோ, பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவரோ. ஒவ்வொரு சரக்குக்கும் அபாய வரிகளையும் முதலுதவி வரிகளையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு தாளில் அடித்து ஸ்டோர் கதவில் ஒட்ட ஒரு நாள் வேலைகூட ஆகாது. கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, கேனிலிருந்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது. நாடு நாடாக உட்கார்ந்து பேசி உருவாக்கிய முறை முழுவதும், 50 லிட்டர் கேனிலிருந்து ஒரு லிட்டரைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிய நொடியில் போய்விடுகிறது. பெராக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனையும் பெரிதாக இல்லை. தாகத்தோடு வருபவர் அதை எடுத்துக் குடித்தால் யாரைக் குறை சொல்வது? குடிதண்ணீர் பாட்டிலையும் டீ டம்ளரையும் ரசாயனத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. வேறு கேனில் மாற்றினால் பெயர், சதவீதம், அபாயச் சொல், படங்கள் நான்கையும் அதிலும் ஒட்டவேண்டும். அழிந்துபோன லேபிளை அன்றைக்கே மாற்றவேண்டும். லேபிளே இல்லாத கேனை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முயலாமல், ஒதுக்கி வைத்து மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்.

கண்ணில் பட்டுவிட்டால் லேபிளைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். இமையை விரித்துப் பிடித்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவவேண்டும், கான்டாக்ட் லென்ஸ் இருந்து எளிதாக வந்தால் எடுத்துவிட்டு. கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108ஐ அழைத்து, கேனின் லேபிளையும் தரவுத்தாளின் நான்காம் பகுதியையும் போனில் படம் எடுத்து, கூடவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். என்ன பட்டது, எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்ற மூன்றும்தான் மருத்துவர் முதலில் கேட்பவை.